சுக்குட்டி ஒண்ணும் குட்டித் தக்காளி இல்லீங்க!

கோயமுத்தூர்ப் பக்கம் இந்தக் காட்சி சர்வசாதாரணமாகிவிட்டது. சூலூரிலிருந்தோ கிணத்துக்கடவிலிருந்தோ வந்த ஒரு அம்மா, ஏசி போட்ட காய்கறிக் கடைக்குள் போய், "ஏங்கண்ணு, சுக்குட்டிக்கீரை இருக்குதா?" என்று கேட்கிறார். பில் போடுகிற பையன் முழிக்கிறான். "அப்படி எதுவும் இல்லீங்கம்மா." அந்த அம்மா நாலடி நடந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி, "அப்ப இதென்ன கண்ணு?" என்கிறார். "ஓ, மணத்தக்காளியா! அதைத் தெளிவா சொல்லுங்கம்மா."

தெளிவாம் தெளிவு! அந்த அம்மா சொன்னதில் என்ன தெளிவில்லை? பேரூர், தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, பொள்ளாச்சி, பல்லடம் என்று எங்கே போய்க் கேட்டாலும் வயசானவர்களுக்கு சுக்குட்டி என்றால் ஒரே ஒரு செடிதான். வெள்ளை வெள்ளையாகக் குட்டிப் பூ, கொத்துக் கொத்தாகக் காய், பழுத்தால் கறுத்து மினுங்கும். வாய்ப்புண் வந்தால் பாசிப்பருப்போடு வேக வைத்துச் சாப்பிடுவது. குழப்பத்துக்கு இடமே இல்லாத பேர் அது. குழப்பம் முழுக்க இருப்பது இன்னொரு பேரில்.

மணத்தக்காளி என்று கேட்டதும் இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவன் என்ன நினைக்கிறான்? தக்காளியில் ஒரு வகை, அளவில் சின்னது, நல்ல மணமாக இருக்கும், அவ்வளவுதான். இந்த மூன்றில் அளவில் சின்னது என்பது மட்டும்தான் சரி. மணம் என்பது சந்தேகக் கேஸ். தக்காளியில் ஒரு வகை என்பது அப்பட்டமான தலைகீழ்.

தலைகீழை முதலில் பார்த்துவிடலாம்.

ரசத்தில் போடுகிற சிவப்புத் தக்காளி இந்த ஊர்க் காய் கிடையாது. அதன் காட்டுச் சொந்தங்கள் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பக்கம். அதை ஒழுங்காகப் பயிர் செய்து பெரிசாக்கியவர்கள் மெக்சிகோ பக்கத்து மக்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அங்கே போய் இறங்கிய பிறகுதான் அது கடல் தாண்டியது. இந்தியாவுக்கு வந்த பிறகும் உடனே யாரும் குழம்பில் போட்டுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் வாட் தொகுத்த இந்திய விளைபொருள் அகராதியே, அது பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்காகப் பயிராகிற காய் என்றுதான் சொல்கிறது. புளியும் மிளகும் இருந்த ஊரில் அதற்கு அவசரம் என்ன?

ஆனால் தக்காளி என்ற சொல் அதற்கு முன்பே இங்கே இருந்தது. அது யாருக்கான பேர்? வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைக்கிற சின்னப் பழங்களுக்கான பேர். மணி போல உருண்டு கொத்தாகத் தொங்கினால் மணித்தக்காளி. மிளகளவு இருப்பதால் அதையே தெற்கத்திக்காரர்கள் மிளகுதக்காளி என்றார்கள். காகிதக் கூடு போட்டுக்கொண்டு உள்ளே ஒரு பழத்தை ஒளித்து வைத்திருப்பது சொடக்குத் தக்காளி. அந்தக் கூட்டை நெற்றியில் அடித்தால் 'சொடக்' என்று வெடிக்கும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லாப் பிள்ளைகளும் செய்த விளையாட்டு. (சொடக்குத் தக்காளியின் இனமே அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவியதுதான் என்று வாதிடுகிற தாவரவியலாளர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து தனி. சுக்குட்டி விஷயத்தில் அந்தப் பிரச்சனையே இல்லை. அது பழைய உலகத்துச் செடி. சரக சம்ஹிதையில் காகமாசி என்று வருவது இதைத்தான் என்று ஆயுர்வேதக்காரர்கள் சொல்கிறார்கள்.)

இந்தக் குடும்பத்துக்குள் வெளியூரிலிருந்து ஒரு தடிமாடு வந்து சேர்ந்தது. இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி வாடை, பூவின் அமைப்பும் அதே ஜாடை, உள்ளே சாறும் பொடி விதையும். பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது, இது நம்ம தக்காளிக்கு ஏதோ சீமையில் இருக்கிற பங்காளி என்று. பேர் வைத்தார்கள், சீமைத் தக்காளி. பழைய அகராதிகளில் அந்தப் பேர்தான் இருக்கிறது. சீமெண்ணெய், சீமை ஓடு, சீமைச் சுண்ணாம்பு, சீமைக் கருவேலம் மாதிரி. வந்தவனை வந்தவன் என்றே அடையாளம் போட்டு வைத்த, நேர்மையான பேர்.

அப்புறம் என்ன ஆச்சு? பயல் எண்ணிக்கையில் பெருத்துவிட்டான். கிணத்துக்கடவு, உடுமலைச் சந்தைகளில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கினான். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 என்று அவனுக்கு ரகம் ரகமாக வெளியிட்டது. கோ 3 ரகத்துக்கு 'மருதம்' என்றே பேர். அந்தீஸிலிருந்து வந்தவனுக்குத் திணைப் பேரே கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன! இப்படிப் பெருத்த பிறகு சீமை என்ற முன்னொட்டு யாருக்கும் தேவைப்படவில்லை. உதிர்ந்துவிட்டது. வாடகைக்கு வந்தவன் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டான். வீட்டுக்காரன் இப்போது வாசலில் நின்று, "நானும் தக்காளிதானுங்க, ஆனா மணத்தக்காளி" என்று அடையாள அட்டை காட்டிக்கொண்டிருக்கிறான்.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. எள்ளின் நெய் எண்ணெய். எண்ணெய் என்றாலே ஒரு காலத்தில் எள்ளிலிருந்து வந்ததுதான். பிறகு தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என்று கண்டதெல்லாம் எண்ணெய் ஆனதும், அசல் எண்ணெய் தன்னைப் பிரித்துக் காட்ட 'நல்லெண்ணெய்' என்று பேர் மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. இந்தத் தலைமுறைக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், போன் என்றால் முதலில் வீட்டு மூலையில் ஒயரோடு உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டி. இன்று போன் என்றால் பாக்கெட்டில் இருப்பது. அந்தக் கறுப்புப் பெட்டிதான் 'லேண்ட்லைன்' என்று அடைமொழி சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக லேண்ட்லைனை 'செல்போனில் ஒரு வகை' என்று யாராவது சொன்னால் சிரிப்பார்களா மாட்டார்களா? மணத்தக்காளியைத் தக்காளியில் ஒரு வகை என்பது அந்த ரகப் பேச்சுதான்.

மிளகு விஷயத்தில் தமிழர்கள் உஷாராக இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே அமெரிக்காவிலிருந்து அதே காலத்தில் வந்த இன்னொரு காய்க்கு 'மிளகாய்' என்று பேர். மிளகு மாதிரி காரமாக இருக்கிற காய். மிளகின் பேர் மிளகிடமே பத்திரமாக இருந்தது. மலையாளத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே முளகு என்றால் இன்று மிளகாய். பாவம், அசல் மிளகு 'குருமுளகு' ஆகிவிட்டது. அங்கே மிளகு பறிகொடுத்ததை இங்கே தக்காளி பறிகொடுத்தது.

இதைவிடப் பெரிய வேடிக்கை மெக்சிகோவில் இருக்கிறது. டொமேட்டோ என்ற ஆங்கிலச் சொல், அஸ்டெக்குகள் பேசிய நாவட்டில் மொழியின் 'டொமாட்டில்' என்ற சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. அந்த டொமாட்டில் என்பது அந்த மாதிரி சாறுள்ள உருண்டைப் பழங்களுக்கெல்லாம் பொதுப்பேர். காகிதக் கூட்டுக்குள் இருக்கும் பச்சைப் பழம், அதாவது சொடக்குத் தக்காளியின் நேரடிப் பங்காளி, அதற்கு மில்டொமாட்டில். சிவப்புத் தக்காளிக்கு ஷிடொமாட்டில். 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்டினோ டெ சஹாகுன் என்ற பாதிரியார் அஸ்டெக் சந்தைகளைப் பற்றி எழுதி வைத்ததில், தக்காளி விற்கிறவர் எத்தனை வகை வைத்திருப்பார் என்று ஒரு நீளப் பட்டியலே வருகிறது. ஸ்பானியர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் ஏறவில்லை. அடைமொழியைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் 'தொமாத்தே' என்றார்கள். உலகம் முழுக்க அதுவே பரவியது. ஆனால் மெக்சிகோ நகரத்துச் சந்தையில் இன்றும் சிவப்பு வேண்டுமென்றால் 'ஹிதொமாத்தே' என்றுதான் கேட்க வேண்டும். வெறும் தொமாத்தே என்றால் கூட்டுக்குள் இருக்கிற பச்சையைத்தான் தருவார்கள். சொந்த ஊர்க்காரர்கள் பேரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள், உலகத்தின் இரண்டு கோடிகளில், சின்னக் காட்டுப்பழத்தின் பேரையே சிவப்புத் தக்காளிக்கும் நீட்டியிருக்கின்றன. தாவரவியலும் அதைத்தான் சொல்கிறது, கொஞ்சம் சுற்றி வந்து. லின்னேயஸ் 1753இல் பேர் வைத்தபோது சுக்குட்டியையும் சிவப்புத் தக்காளியையும் சொலானம் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். அடுத்த வருஷமே மில்லர் என்பவர் சிவப்புத் தக்காளியைத் தனியாகப் பிரித்து லைக்கோபெர்சிகான் என்று தனிக் குடித்தனம் வைத்தார். அதற்கு 'ஓநாய்ப் பீச்' என்று அர்த்தம்! இருநூறு வருஷத்துக்கும் மேல் புத்தகங்களில் அதுதான். 1990களில் மரபணுவைப் பார்த்த பிறகு, தப்பு தப்பு, இது சொலானம்தான் என்று திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாடையை முகர்ந்தும் பூவைப் பார்த்தும் 'இது நம்ம தக்காளிக்குப் பங்காளி' என்று சொன்ன தோட்டக்காரனுக்கு இந்த அலைச்சல் எதுவும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால் தாவரவியல் கணக்கில் சிவப்புத் தக்காளியும் ஒரு பெர்ரிதான். பெருத்துப்போன பெர்ரி.

இவ்வளவு தெளிவாக இருக்கிற ஒரு விஷயத்தில் இரண்டு கோஷ்டிகள் எதிரெதிராக நின்று குட்டையைக் குழப்புகின்றன. முதல் கோஷ்டி சொல்வது, 'காய் வெளிநாட்டுக் காய், அதனால் தக்காளி என்ற சொல்லும் தமிழாக இருக்க முடியாது, ஏதோ ஐரோப்பியச் சொல்லின் திரிபு' என்று. எந்த ஐரோப்பியச் சொல்? போர்ச்சுகீசில் 'தொமாத்தே'. அதிலிருந்து 'தக்காளி' எப்படி வந்தது? ம் எங்கே போனது, ளி எங்கிருந்து முளைத்தது? பதில் வராது. சாவி என்ற போர்ச்சுகீசியச் சொல்லும், ஜன்னலும், அலமாரியும் தமிழில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எதுவும் அடையாளம் தெரியாமல் உருக்குலைந்து போகவில்லையே. மலையாளத்திலும் தக்காளி. சிங்களத்திலும் தக்காலி. தெற்கே ஏற்கெனவே புழங்கிய சொல் என்பதால்தான் புதுக்காய் வந்ததும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது கோஷ்டி இன்னும் ஆபத்து. 'தக்காளி தமிழ்ச்சொல், அதனால் தக்காளிக்காயே தமிழ்நாட்டில் தோன்றியது, தக்காளியைத்தான் வெள்ளைக்காரன் டொமேட்டோ என்று திரித்தான்.' பார்வர்டு மெயில் காலத்திலிருந்து வாட்ஸ்அப் வரை சாகாமல் சுற்றுகிற ரகம். ஒலி கொஞ்சம் போல இருந்தால் போதும், உறவு கொண்டாடிவிடுவார்கள். அந்த நண்பர்களுக்கு ஒரு இனாம். கென்யாவில் இதே சுக்குட்டிக் கீரையை மக்கள் தினமும் சாப்பிடுகிறார்கள், சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அதன் பேர் என்ன தெரியுமா? 'மனாகு'. மணத்தக்காளி, மனாகு... போதாதா? ராஜேந்திர சோழனின் கப்பல் மொம்பாசாவில் நின்றது, கீரை இறங்கியது, முடிந்தது ஆராய்ச்சி :-) இப்படிப் பார்த்தால் கோவைப்பழம் விளைந்ததால்தான் ஊருக்குக் கோவை என்று பேர் வந்தது என்றும் சொல்லலாம். கோயம்புத்தூரைச் சுருக்கியதுதான் கோவை என்பது அடுத்த பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

இரண்டு கோஷ்டிக்கும் பொதுவான தவறு ஒன்றே. சொல்லும் காயும் ஒன்றாகத்தான் பயணம் போகும் என்று நினைப்பது. சொல் ஊரிலேயே இருக்கும், காய் கப்பலில் வரும். வந்த காய் இருந்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சாதாரண விஷயம் புரிந்தால் இரண்டு கட்சியையும் கலைத்துவிடலாம்.

இப்போது மணம். சுக்குட்டிப் பழத்தைப் பறித்து மூக்கில் வைத்துப் பாருங்கள். என்ன மணக்கிறது? ஒன்றும் இல்லை. இலையில் வாடை உண்டு, அதை மணம் என்று சொல்ல ரொம்பப் பெரிய மனசு வேண்டும். வத்தலை நல்லெண்ணெயில் பொரித்தால் மணக்கும், சரி. அப்படிப் பார்த்தால் சுண்டைக்காய் வத்தலும்தான் மணக்கிறது, அதை யாரும் மணச்சுண்டை என்று சொல்லவில்லையே. பழத்தைப் பார்த்தவுடன் மனசில் படுவது அதன் உருவம்தான். கறுப்பு மணி. பாசிமணி மாதிரி, கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். சித்த மருத்துவ நூல்களில் மணித்தக்காளி என்ற வடிவம் வருகிறது. மலையாளத்தில் இன்றைக்கும் மணித்தக்காளி என்கிறார்கள். மிளகுதக்காளி என்ற பேரும் உருவத்தையும் அளவையும் பார்த்து வைத்ததுதான். எல்லாச் சாட்சியும் ஒரு பக்கம் நிற்கும்போது, மணியின் இகரம் தேய்ந்து மணம் ஆனது என்பதுதான் பொருத்தமான தீர்ப்பு. பேச்சில் தேய்ந்ததை யாரும் குறை சொல்லப் போவதில்லை. மணம் என்று ஆனபிறகு அதற்கு ஒரு கதை கட்டி, 'நறுமணம் மிக்க மூலிகை' என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆக மணத்தக்காளி என்ற பேரின் நிலைமை இது. முன்பாதி தேய்ந்துவிட்டது. பின்பாதியை ஒரு வெளியூர்க்காரன் பிடுங்கிக்கொண்டான். இந்தப் பேரைத்தான் 'தெளிவு' என்று கோயமுத்தூர்க் கடைகளில் சிபாரிசு செய்கிறார்கள், எந்தச் சேதாரமும் இல்லாத சுக்குட்டியை ஒதுக்கிவிட்டு!

கொங்கு நாட்டின் அதிர்ஷ்டத்தைக் கவனிக்க வேண்டும். மற்ற ஊர்களில் சிவப்புத் தக்காளி வந்து பேரைப் பறித்தபோது சின்னப்பழம் தத்தளித்தது. கொங்கில் அது தன்பாட்டுக்கு சுக்குட்டியாகவே இருந்தது. தோட்டத்தில் தக்காளிச் செடி, பொழி ஓரத்தில் சுக்குட்டிச் செடி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னாலும் யாருக்கும் மயக்கம் வராது. பொடக்காலியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில், கட்டுத்தறிக்குப் பின்னால் எருக்குழி ஓரத்தில், வாழைக்கும் பாக்குக்கும் நடுவே நிழல் ஈரத்தில், யாரும் விதைக்காமல் முளைக்கும். காக்காயும் குருவியும் பழத்தைத் தின்று போட்டுவிட்டுப் போவதுதான் விதைப்பு. வடமொழிக்காரர்கள் காகமாசி என்று காக்காயைப் பேரில் இழுத்தது சும்மா இல்லை. கறுப்பில் ஒன்று, ஆரஞ்சுச் சிவப்பில் ஒன்று என்று இரண்டு நிறத்தில் பழுக்கிறது. பிள்ளைகள் பறித்து வாயில் போட்டுக்கொண்டே மாடு பிடித்துக்கொண்டு வருவார்கள்.

சுக்குட்டி கொச்சையாம், வட்டாரப் பேச்சாம், எழுதக் கூடாதாம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கொங்குக்காரர்களே என்பதுதான் கொடுமை. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சைக் கூச்சமில்லாமல் அச்சில் ஏற்றினார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதியே போட்டார். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். இத்தனைக்குப் பிறகும் ஒரு கீரைக்கட்டின் மேல் சுக்குட்டி என்று எழுத ஒரு கடைக்காரருக்கு வெட்கமாக இருக்கிறது. அதே கடையில் 'பேபி கார்ன்', 'ப்ரோக்கோலி', 'செர்ரி டொமேட்டோ' எல்லாம் வெட்கமில்லாமல் தொங்குகிறது. செர்ரி டொமேட்டோவுக்கு இருக்கிற மரியாதை சுக்குட்டிக்கு இல்லை, அது சொந்த ஊரிலேயே.

இதற்கு ஒரு பதில்வாதம் உண்டு. ஊருக்கு ஒரு பேர் என்றால் மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் ஒத்துவருமா, நாடு முழுக்க ஒரே பேர் வேண்டாமா என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் நாடு முழுக்க ஒரே பேர் என்ற வேலையைச் செய்வதற்குத்தான் லத்தீன் பேர் இருக்கிறது. அதிலேயே என்ன நிலைமை தெரியுமா? சொலானம் நைக்ரம் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதி வைத்திருப்பது உண்மையில் ஒரே இனம் இல்லை, நெருக்கமான பல இனங்களின் கூட்டம். ஆரஞ்சுச் சிவப்புப் பழக்காரன் சொலானம் வில்லோசம் என்று தனி இனம். கறுப்பிலேயே சொலானம் அமெரிக்கானம் என்று இன்னொன்று. குரோமோசோம் எண்ணிக்கைகூட 24, 48, 72 என்று ஆளுக்கொன்று. 2018இல்கூட இந்தப் பழைய உலகச் சுக்குட்டிகளைப் பற்றி ஒரு பெரிய மறுஆய்வு வெளியானது, அவ்வளவு சிக்கல். விஞ்ஞானிகளே ஒற்றைப் பேருக்குள் அடக்க முடியாமல் திணறுகிற செடிக்கு, சுக்குட்டி என்று ஒரு ஊர் கூப்பிட்டதால் என்ன குடி முழுகிவிட்டது?

பேர் மாறினால் பெரிசாக என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். சுக்குட்டி என்ற பேரைத் தெரியாத தலைமுறை, தோட்டத்தில் அந்தப் பழத்தைப் பார்த்தால் போனை எடுத்துப் படம் பிடித்துத் தேடுகிறது. ஆங்கிலத்தில் 'பிளாக் நைட்ஷேட்' என்று வருகிறது. நைட்ஷேட் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு சொடுக்குப் போனால் 'டெட்லி நைட்ஷேட்' என்ற பெல்லடோனா வந்து நிற்கிறது. ஐரோப்பியக் கதைகளில் ஆளைக் கொல்கிற விஷச் செடி. முடிந்தது. "அம்மா, இதைத் தொடாதே, பாய்சன்!" பெல்லடோனா வேறு பேரினம், கொங்குத் தோட்டங்களில் அது முளைப்பதே இல்லை. அதன் பூ மணி வடிவத்தில் ஊதாவாக இருக்கும், பழம் ஒவ்வொன்றாகத்தான் வரும். சுக்குட்டிக்கு வெள்ளைப் பூ, பழம் கொத்தாக. சுக்குட்டிக் காயிலும் சொலானைன் என்ற நச்சுப்பொருள் உண்டு, பச்சையாக இருக்கும்போது அதிகம் என்பது உண்மை. அதனால்தான் பழுத்ததைத்தான் அப்படியே வாயில் போடுவது, பச்சைக்காயை மென்று தின்பதில்லை. சுக்குட்டி என்ற பேரோடு கூடவே வந்த விவரம் இது. பேர் போனதும் விவரமும் போய், அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்தப் பயம் அமெரிக்காவிலும் ஒரு ரகளை செய்தது. லூதர் பர்பேங்க் என்ற புகழ்பெற்ற செடி வளர்ப்பாளர் உருவாக்கியதாகச் சொன்ன ஒரு பழம் 1909இல் 'ஒண்டர்பெர்ரி' என்ற பேரில் விற்பனைக்கு வந்தது. ஒரு விவசாயப் பத்திரிகை எழுந்து நின்று, இது வேறொன்றுமில்லை, விஷச்செடி பிளாக் நைட்ஷேட்தான், மோசடி என்றது. பர்பேங்க் பதிலுக்கு 10,000 டாலர் பந்தயம் கட்டினார். சண்டை நாறியது. அந்த நேரத்தில் ஆலாந்துறையிலோ அவிநாசியிலோ யாரோ ஒரு அமுச்சி, பேரனுக்கு வாய்ப்புண் என்று அதன் சொந்தக்காரச் செடியைக் கொல்லையில் கிள்ளிக்கொண்டிருந்திருப்பார். பத்தாயிரம் டாலர் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

பூச்சிமருந்துக் கடைகளில் களைக்கொல்லி டப்பாக்களைக் கவனித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். பேர் இல்லாத செடி எல்லாமே 'களை'. சுக்குட்டி என்று தெரிந்தவர் களைவெட்டும்போது அதை மட்டும் விட்டுவிட்டு வெட்டுவார், அல்லது பிடுங்கி மடியில் போட்டுக்கொள்வார். தெரியாதவர் மொத்தமாக அடித்துவிட்டுப் போவார். பிறகு அதே வீட்டில் வாய்ப்புண்ணுக்கு, பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் மணத்தக்காளிக் கட்டைக் காசு கொடுத்து வாங்குவார்கள்.

மணத்தக்காளி என்று எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மதுரைக்காரர் வந்தால் மிளகுதக்காளி என்று கேட்கட்டும், சென்னைக்காரர் மணத்தக்காளி என்று கேட்கட்டும், எல்லாருக்கும் கொடுங்கள். கோயமுத்தூர்க் கடையில், கோயமுத்தூர் மண்ணில் விளைந்த கட்டின் மேல், அந்த அட்டையில் இன்னொரு வரி சேர்த்தால் போதும். சுக்குட்டி என்று எழுத ஐந்தே எழுத்துதான் ஆகிறது, மணத்தக்காளிக்கு ஏழு. 'ஃப்ரெஷ்', 'ஆர்கானிக்', 'ஃபார்ம் டு ஹோம்' எல்லாம் எழுதி முடித்த பிறகும் அந்த அட்டையில் நிறையவே இடம் இருக்கிறது.